எங்கள் தெருவில் யார் இருக்கிறார் என்று தெரிந்துகொள்ள முடியுமா?

பாலியல் குற்றவாளிகள் பட்டியல், போலீஸ் சரிபார்ப்பு, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் பற்றி வந்த கேள்விகளுக்கு, சென்னையில் போக்சோ வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் ஒருவர் பதில் சொல்கிறார். கேட்டவர்களின் பெயர்கள் கொடுக்கப்படவில்லை.

வேளச்சேரி, இரண்டு பெண் பிள்ளைகளின் அம்மா: என் தங்கை நியூ ஜெர்சியில் இருக்கிறாள். வீடு பார்க்கும்போது, பக்கத்தில் பாலியல் குற்றவாளி யாராவது இருக்கிறார்களா என்று இணையத்தில் தேடிவிட்டுத்தான் முடிவெடுத்தாளாம். நம் ஊருக்கு அப்படி எந்தத் தளத்தில் தேட வேண்டும், மேடம்?

அப்படி ஒரு தளம் இல்லை. இந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் வருகிறது, அதனால் விளக்கமாகவே சொல்கிறேன்.

பட்டியல் இருக்கிறது. தேசிய பாலியல் குற்றவாளிகள் தரவுத்தளம் என்று பெயர். மத்திய உள்துறை அமைச்சகம் 2018 செப்டம்பர் 20 அன்று தொடங்கியது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் அதைப் பராமரிக்கிறது. பாலியல் வன்கொடுமை, கூட்டு வன்கொடுமை, போக்சோ, பெண்களைச் சீண்டுதல் போன்ற குற்றங்களில் தண்டனை பெற்றவர்களின் பெயர், முகவரி, புகைப்படம், கைரேகை எல்லாம் அதில் உண்டு. தொடங்கிய அன்றே 4.4 லட்சம் பதிவுகள் இருந்ததாக அமைச்சகம் சொன்னது. ஆனால் அதைத் திறந்து பார்க்கும் உரிமை காவல் துறைக்கும் விசாரணை அமைப்புகளுக்கும் மட்டும்தான். நீங்களும் நானும் பார்க்க முடியாது. வக்கீல் என்பதால் எனக்குத் தனிக் கதவு எதுவும் கிடையாது.

"இந்தியப் பாலியல் குற்றவாளிகள் பட்டியல், பெயர் போட்டுத் தேடுங்கள், 299 ரூபாய்" என்று யாராவது இணைப்பு அனுப்பினால் பணத்தைக் கட்டிவிடாதீர்கள்.

திருச்சி, சட்டக் கல்லூரி மாணவர்: அமெரிக்காவில் குற்றவாளியே காவல் நிலையம் போய்ப் பதிவு செய்ய வேண்டும் என்கிறார்கள். இங்கேயும் வருடா வருடம் போய்க் கையெழுத்துப் போட வேண்டுமா?

இல்லை தம்பி. பெயர் ஒன்றுபோல இருந்தாலும் இரண்டும் வேறு வேறு ஏற்பாடுகள். அங்கே பதிவு செய்வது குற்றவாளியின் கடமை. வீடு மாறினால் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அதுவே தனிக் குற்றம். இங்கே அவர் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. காவல் நிலையக் கணினிப் பதிவுகளிலிருந்து தகவல் தானாக மேலே போகிறது. அதனால்தான் அதிலுள்ள முகவரி பல வருடம் பழையதாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆள் திருப்பூரிலிருந்து ஓசூருக்கு மாறிப்போனால் பட்டியல் தானாகத் தெரிந்துகொள்ளாது.

நீ படிக்கிற பையன் என்பதால் ஒன்று சொல்கிறேன், தேடிப் பார். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 356 என்று ஒரு பிரிவு இருந்தது. இப்போது பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் 394. அதன்படி, மூன்று வருடமோ அதற்கு மேலோ சிறைத் தண்டனைக்குரிய குற்றத்துக்காக ஏற்கெனவே தண்டனை பெற்றவர் மறுபடியும் அதே அளவு தண்டனைக்குரிய குற்றத்தில் தண்டிக்கப்பட்டால், விடுதலைக்குப் பிறகு ஐந்து வருடம் வரை தன் இருப்பிடத்தையும் இடமாற்றத்தையும் தெரிவிக்க வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிடலாம். பாலியல் வன்கொடுமையும் அந்த வரம்புக்குள் வருகிறது. நம் சட்டத்தில் பதிவு முறைக்கு மிக அருகில் வரும் ஏற்பாடு இதுதான். என் அனுபவத்தில் ஒரு அரசு வழக்கறிஞரும் இதைக் கேட்டு நான் பார்த்ததில்லை. பட்டியலைத் திறந்துவிடு என்று கூச்சல் போடுகிற நாம், கையில் இருக்கிற பிரிவைத் தூசு தட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

கோவை, ஐ.டி. ஊழியர்: பட்டியலை ஏன் மறைக்க வேண்டும்? குற்றவாளிக்கு என்ன மரியாதை? நேராகக் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கோபம் இல்லை. தாய் தகப்பனாக இருந்தால் இப்படித்தான் தோன்றும்.

முதலில் அமெரிக்கக் கதை. 1994இல் நியூ ஜெர்சியில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியை எதிர்வீட்டுக்காரன் கொன்றான். ஏற்கெனவே குழந்தைகள் மீதான குற்றங்களுக்குத் தண்டனை பெற்றவன். அது அந்தத் தெருவில் இருந்த பெற்றோருக்குத் தெரியாது. அந்தச் சிறுமியின் பெயரில்தான் 'மேகன் சட்டம்' வந்தது. 1996இல் அது நாடு முழுவதற்கும் பொருந்தும் கூட்டாட்சிச் சட்டமானது. சரி, பலன்? அதே நியூ ஜெர்சியில் 2008இல் வெளியான ஆய்வு, அந்தச் சட்டத்தால் மறுகுற்றம் குறைந்ததாகத் தெரியவில்லை என்று சொன்னது. எதிர்வீட்டுக்காரனை மனதில் வைத்துப் போட்ட சட்டம் அது.

நம் நாட்டில் பதிவாகும் வழக்குகளைப் பாருங்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வருடா வருடம் சொல்லும் கணக்குப்படி, குழந்தைகள் மீதான பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் குழந்தைக்குத் தெரிந்த ஆள்தான். அப்பா, சித்தப்பா, மாமா, பக்கத்து வீட்டு அண்ணன், டியூஷன் சார். இப்போது யோசியுங்கள்: ஒரு ஊரில் ஒரு அப்பாவின் பெயரையும் படத்தையும் இணையத்தில் போட்டால், பாதிக்கப்பட்ட பெண் யார் என்று ஊருக்கே தெரிந்துவிடாதா? குழந்தையின் அடையாளம் வெளியே தெரியக் கூடாது என்று போக்சோ சட்டத்தின் 33(7) சிறப்பு நீதிமன்றத்துக்கே கடமை வைத்திருக்கிறது. அப்பா பெயரைப் போட்டுவிட்டு மகள் பெயரை மறைத்தோம் என்று சொல்ல முடியுமா? இன்னொன்றும் உண்டு. புகார் கொடுத்தால் வீட்டுப் பெயர் நாறிவிடும் என்று இப்போதே பாதிப் பேர் வாயை மூடிக்கொள்கிறார்கள். பட்டியலும் சேர்ந்தால் மீதிப் பேரும் மூடிவிடுவார்கள். என்னிடம் வந்த அம்மாக்களை வைத்துச் சொல்கிறேன்.

எனக்குப் பிடித்தது இங்கிலாந்து முறை. அங்கேயும் பதிவேடு பொதுமக்களுக்குத் திறந்ததில்லை. ஆனால், "என் குழந்தையோடு பழகும் இந்த ஆளைப் பற்றிச் சந்தேகமாக இருக்கிறது" என்று பெற்றோர் போலீசிடம் கேட்கலாம். ஆபத்து இருக்கிறது என்று தெரிந்தால், குழந்தையைக் காப்பாற்றக்கூடிய நிலையில் இருப்பவருக்கு மட்டும் ரகசியமாகச் சொல்வார்கள். 2011 முதல் இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதும் நடக்கிறது. அந்த மாதிரி ஏற்பாட்டை இங்கே கேட்டால் நானும் உங்களோடு கையெழுத்துப் போடுவேன்.

பெரம்பூர், அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கச் செயலாளர்: வாட்ச்மேன், லிஃப்ட் ஆபரேட்டர், பிளம்பர் என்று தினமும் பத்துப் பேர் வருகிறார்கள். பட்டியலைப் பார்க்க முடியாது என்றால் நாங்கள் எதை வைத்து ஆளை நம்புவது?

2018இல் அயனாவரம் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு சிறுமிக்கு நடந்த பாலியல் கொடுமை உங்களுக்கு நினைவிருக்கும், உங்கள் பக்கத்து ஏரியா. குடியிருப்பில் வேலை பார்த்தவர்கள்தான் குற்றம் சாட்டப்பட்டார்கள். 17 பேர் கைதாகி, 2020இல் 15 பேருக்குத் தண்டனை கிடைத்தது.

நீங்கள் பட்டியலைப் பார்க்க முடியாது, போலீஸ் பார்க்கலாம். ஆகவே போலீசைப் பார்க்க வையுங்கள். தமிழ்நாடு காவல் துறையின் இணையச் சேவையில் சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கலாம். தனிநபர், வேலைக்கு எடுப்பவர், வாடகைக்கு வருபவர், வீட்டு வேலைக்கு வருபவர் என்று தனித்தனி வகை உண்டு. கட்டணம் கட்ட வேண்டும். காவலாளிகள் ஏஜென்சி வழியாக வந்தால், அவர்களின் நடத்தையையும் பின்னணியையும் சரிபார்ப்பது 2005ஆம் ஆண்டு தனியார் பாதுகாப்பு முகமைச் சட்டப்படி ஏஜென்சியின் பொறுப்பு. "செய்துவிட்டோம் சார்" என்ற வாய் வார்த்தையை எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் குடியிருக்கும் இடத்தில் ஒரு ஏஜென்சி ஆறு பேருக்குச் சான்று கொடுத்தது. வரிசையாக வைத்துப் பார்த்தால் நான்கில் ஒரே எண்! படம் மட்டும் மாறியிருந்தது. எண்ணையும் தேதியையும் பாருங்கள், மூலத்தைக் கேளுங்கள்.

வெளிமாநிலத்தவர் என்றால் அவர் சொந்த ஊர்க் காவல் நிலையத்தின் சான்றையும் கேளுங்கள். அதற்காக, பீகாரிலிருந்து வந்தவன் என்பதாலேயே சந்தேகப்படாதீர்கள். விதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும், சங்கத் தலைவரின் மச்சான் நடத்தும் கராத்தே வகுப்பு உட்பட.

நாமக்கல், தனியார் பள்ளி நிர்வாகி: ஆசிரியர்களுக்கு மட்டும் வெரிஃபிகேஷன் போதுமா?

போதாது. 2020 மார்ச்சில் வந்த போக்சோ விதிகளில் 3ஆம் விதி, குழந்தைகளோடு தொடர்ந்து பழகும் எந்த நிறுவனமும் தன் ஊழியர் ஒவ்வொருவருக்கும், ஆசிரியராக இருந்தாலும் இல்லாவிட்டாலும், நிரந்தரமோ ஒப்பந்தமோ, போலீஸ் சரிபார்ப்பு செய்ய வேண்டும் என்கிறது. அதுவும் சேரும்போது ஒரு தடவை செய்துவிட்டு விடுவதில்லை, குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பச் செய்ய வேண்டும். வேன் டிரைவர், ஆயா, விடுதிச் சமையல்காரர் எல்லோரும் இதில் வருவார்கள். விளையாட்டுப் பயிற்சி மையங்களும் விதியில் உண்டு. எங்கள் பள்ளிக்கு மட்டுந்தான் இந்தச் சட்டமா என்று கேட்காதீர்கள், நூறு பேர் கேட்டாயிற்று.

மதுரை, பெயர் வேண்டாம்: பெண்ணுக்கு வரன் பார்க்கிறோம். பையன் மேல் ஏதோ கேஸ் இருந்ததாகக் காதில் விழுந்தது. நீதிமன்றத் தளத்தில் பெயர் போட்டால் வந்துவிடுமா?

சில வழக்கு வரும், பல வழக்கு வராது. எஃப்.ஐ.ஆர்.களை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் சொன்னபோதே, பாலியல் குற்றங்கள், போக்சோ போன்றவற்றுக்கு விலக்கு கொடுத்துவிட்டது. அதனால் தேடி ஒன்றும் வராவிட்டால் ஒன்றுமில்லை என்று ஆகாது.

வந்தாலும் அவசரப்படாதீர்கள். நம் ஊரில் 'எஸ். கார்த்திக்' எத்தனை பேர்? அப்பா பெயர், வயது, ஊர் பொருந்துகிறதா என்று பாருங்கள். பிறகு கடைசிப் பக்கத்துக்குப் போய் முடிவைப் படியுங்கள். விடுதலையானவர் ஒருவர், தீர்ப்பில் தன் பெயர் இணையத்தில் நிற்பதால் வாழ்க்கை கெடுகிறது என்று வழக்குப் போட்டார். பெயரை நீக்கச் சொல்லி 2024 பிப்ரவரியில் மதுரைக் கிளை உத்தரவிட்டது. அதே வருடம் ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. பையனிடமே நேராகக் கேட்டு, வழக்கு எண்ணை வாங்கி, தீர்ப்பு நகலைப் படிப்பதுதான் நாகரிகம்.

சேலம்: என் தம்பி மேல் போட்ட போக்சோ வழக்கில் விடுதலை ஆகிவிட்டான். அவன் பெயரும் அந்தப் பட்டியலில் இருக்குமா?

தரவுத்தளம் தண்டனை பெற்றவர்களுக்கானது. ஆனால் கைதான அன்று எடுத்த கைரேகை, புகைப்படம் தனியாக இருக்கும். 2022ஆம் ஆண்டு அடையாளச் சட்டப்படி அந்தப் பதிவுகளை 75 வருடம் வைத்திருக்கலாம். முன் தண்டனை எதுவும் இல்லாதவர் விடுதலையானால் அவற்றை அழிக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. மேல்முறையீடு நிலுவையில் இல்லை என்றால், தீர்ப்பு நகலை வைத்து எழுத்து மூலம் கேளுங்கள்.

அதே ஊரிலிருந்து இன்னொருவர்: குற்றம் செய்தபோது பையனுக்கு வயது 15. போலீஸ் சரிபார்ப்புச் சான்றில் வருமா?

வரக் கூடாது. சிறார் நீதிச் சட்டம் 24ஆம் பிரிவைக் காட்டுங்கள்.

தாம்பரம்: எங்கள் மகள் வழக்கில் தண்டனை பெற்றவன் ஜாமீனில் வந்துவிட்டான் என்று அக்கம்பக்கத்தில் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது, மேடம். போலீஸ் எங்களுக்குச் சொல்ல வேண்டாமா?

சொல்ல வேண்டும் அம்மா. பட்டியல் ஊருக்குத் திறக்காவிட்டாலும், உங்களுக்கு அந்த உரிமை உண்டு. குற்றவாளி சிறையில் இருக்கிறாரா, ஜாமீனா, விடுதலையா என்பதைக் குழந்தைக்கும் பெற்றோருக்கும் தெரிவிக்க வேண்டும் என்று 2020 விதிகளிலேயே இருக்கிறது. வழக்கு நடந்த மகளிர் காவல் நிலையத்துக்கு எழுதுங்கள், நகலைச் சிறப்பு நீதிமன்றத்துக்குக் கொடுங்கள். அவன் வீட்டுப் பக்கம் வந்தாலோ, ஆள் விட்டு மிரட்டினாலோ, தேதி நேரத்தோடு குறித்து வைத்து அரசு வழக்கறிஞரிடம் கொடுங்கள். ஜாமீனை ரத்து செய்யக் கேட்க அதுதான் ஆதாரம்.

தமிழ்நாட்டில் இன்னொன்றும் உண்டு. குண்டர் சட்டம் என்று நாம் சொல்லும் 1982ஆம் ஆண்டுச் சட்டத்தில், 2014இல் 'பாலியல் குற்றவாளி'யையும் சேர்த்தார்கள். அதன்படி 12 மாதம் வரை தடுப்புக் காவலில் வைக்கலாம். பல உத்தரவுகள் உயர் நீதிமன்றத்தில் நிற்காமல் போய்விடுகின்றன. அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

விழுப்புரம்: "இவன் குழந்தைகளைச் சீரழிப்பவன், எல்லோருக்கும் பகிருங்கள்" என்று ஒரு போட்டோ வந்தது. அனுப்பலாமா?

அனுப்பாதீர்கள். 2018 மே மாதம், உங்கள் பக்கத்து மாவட்டம் திருவண்ணாமலையில், போளூர் பக்கம் கோயிலுக்கு வந்த 65 வயது அம்மாவைக் குழந்தை கடத்த வந்தவர் என்று நினைத்து அடித்தே கொன்றார்கள். குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான். அதற்கு முன் பல நாளாக வாட்ஸப்பில் சுற்றிய செய்திகள்தான் அந்த அடிக்குப் பின்னால் இருந்தன. படத்தோடு குழந்தையின் பெயர், பள்ளி, தெரு ஏதாவது இருந்தால் பகிர்ந்தவர் மேலும் வழக்கு வரும். உண்மை என்று தோன்றினால் காவல் நிலையத்துக்கு அனுப்புங்கள்.

தஞ்சாவூர், ஓய்வு பெற்ற ஆசிரியை: பேத்தியோடு விளையாட வரும் பிள்ளை ஒன்று, தன் மாமாவைப் பற்றி ஏதோ சொன்னது. எங்கள் குடும்பம் இல்லை. நான் தலையிடலாமா?

தலையிட்டே ஆக வேண்டும் டீச்சர். போக்சோ 19ஆம் பிரிவுப்படி, குற்றம் நடந்தது தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்று அஞ்சினாலும், யாராக இருந்தாலும் சொல்ல வேண்டும். நடந்தது தெரிந்தும் மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. நல்லெண்ணத்தில் சொன்னதற்காக உங்கள் மேல் நடவடிக்கை எடுக்க முடியாது.

அந்தப் பிள்ளையை உட்கார வைத்துக் குறுக்கு விசாரணை செய்யாதீர்கள். சொன்ன வார்த்தையை அப்படியே ஒரு தாளில் எழுதித் தேதி போடுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழையுங்கள், இலவசம், எந்த நேரமும் எடுப்பார்கள். பிள்ளையைக் காவல் நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. வாக்குமூலம் வாங்க வீட்டுக்கே வருவார்கள், முடிந்தவரை பெண் அதிகாரி. சீருடையில் வரக் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. வந்தால் வாசலிலேயே நிறுத்தி, மாற்றிக்கொண்டு வரச் சொல்லுங்கள். நீங்கள் ஆசிரியை, சொன்னால் கேட்பார்கள்.