வறட்சிப் பகுதிக்கு நீண்டகால நீர்த் திட்டம்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: முப்பது ஆண்டு சராசரி மழையை வைத்து, ஒரு நீர்த்தேக்கத்திலிருந்து ஆண்டுக்கு எவ்வளவு எடுக்கலாம் என்று தீர்மானிக்கலாமா?

பதில்: கூடாது. சராசரி மழை பெய்யும் ஆண்டில் யாருக்கும் தட்டுப்பாடு வருவதில்லை. இரண்டு மூன்று ஆண்டுகள் சேர்ந்தாற்போல் மழை பொய்க்கும்போதுதான் வருகிறது. திட்டம் அந்த ஆண்டுகளுக்காகத்தான் போடப்பட வேண்டும்.

மழைப் பதிவோடு நின்றுவிடாமல், தேக்கத்துக்கு மாதந்தோறும் வந்த நீர்வரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பதிவில் உள்ளதிலேயே மோசமான தொடர் வறட்சி எதுவென்று பாருங்கள். அது தொடங்கும்போது தேக்கம் பாதிதான் நிரம்பியிருந்தது என்று வைத்துக்கொண்டு மாதாமாதம் கணக்கிடுங்கள்: முந்தைய இருப்பு, கூட்டல் வரத்து, கழித்தல் ஆவியாதல், கசிவு, நாம் எடுப்பது. எடுக்கும் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பாருங்கள். வறட்சி முடியும்வரை இருப்பு மதகின் அடிமட்டத்துக்குக் கீழே இறங்காத மிகப் பெரிய அளவு எதுவோ, அதுதான் நம்பி எடுக்கக்கூடிய நீர். சராசரி காட்டும் அளவைவிட இது பெரும்பாலும் மிகக் குறைவாகவே இருக்கும்.

இந்தக் கணக்கு இரண்டு இடங்களில் தவறும். ஒன்று, ஆவியாதல். 100 ஹெக்டேர் நீர்ப்பரப்பில் ஆண்டுக்கு 1.5 மீட்டர் ஆவியானால் 15 லட்சம் கன மீட்டர் போய்விடும். தலைக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர் வீதம் ஒரு லட்சம் பேருக்கு அது 150 நாள் தண்ணீர். ஒரே கொள்ளளவுக்கு, அகன்ற ஆழமற்ற தேக்கத்தைவிடக் குறுகிய ஆழமான தேக்கம் வறட்சியில் அதிக நாள் தாங்குவது இதனால்தான். பல தேக்கங்கள் இருந்தால் ஆழமற்றதை முதலில் காலி செய்யுங்கள். மற்றொன்று, வண்டல். கட்டியபோது வரைந்த கொள்ளளவு அட்டவணையையே இன்றும் பயன்படுத்தினால், இல்லாத நீரை இருப்பதாக எழுதிக்கொண்டிருப்போம். வண்டல் படியும் தேக்கத்தின் தரையைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடி அளந்தே ஆக வேண்டும்.

பதிவுக்காலமே ஈரமான காலமாக இருந்துவிட்டால்? அமெரிக்காவின் கொலராடோ ஆற்று நீரை மாநிலங்கள் பங்கிட்ட 1922 ஒப்பந்தம், வழக்கத்துக்கு மாறாக வரத்து மிகுந்திருந்த ஆண்டுகளின் அளவை நம்பி எழுதப்பட்டது. ஆற்றில் இல்லாத நீருக்கும் பங்கு கொடுத்ததன் சிக்கல் நூறாண்டு கழித்தும் தீரவில்லை. அதனால் வரத்தைக் குறைத்தும் ஒருமுறை கணக்கிடுங்கள். வறண்ட நிலத்தில் மழை 10 சதவீதம் குறைந்தால் வரத்து 20 முதல் 30 சதவீதம் வரை குறையலாம். பெய்யும் மழையைக் காய்ந்த மண் முதலில் குடித்துவிடும், மிச்சம்தான் ஓடிவரும்.

கேள்வி: புதிய ஆழ்துளைக் கிணறுகளில் 72 மணி நேரம் பம்ப் ஓட்டிச் சோதித்தோம். நீர்மட்டம் நிலையாக நின்றது. வறட்சிக்கு இவற்றை நம்பலாமா?

பதில்: அந்தச் சோதனை சொல்வது கிணற்றின் திறனை மட்டுமே. நிலத்தடியில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பது வேறு கேள்வி.

கடினப் பாறைப் பகுதியில், வடிந்து வெளியே வரக்கூடிய நீர் பாறையின் கன அளவில் 1 முதல் 3 சதவீதம்தான் இருக்கும். 2 சதவீதம் என்று கொண்டால், 10 சதுர கிலோமீட்டர் பரப்பில் நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்கக் கிடைப்பது 2 லட்சம் கன மீட்டர். மேலே சொன்ன ஒரு லட்சம் பேருக்கு 20 நாள். அடுத்தடுத்த மீட்டர்களிலும் இதே அளவு வரும் என்று எண்ண வேண்டாம். சிதைந்த மேல்பாறையில்தான் நீர் அதிகம். கீழே போகப் போக வெடிப்புகள் குறையும், இறுகும். இன்னும் ஆழமாகத் துளையிடுவது பல நேரம் செலவைத்தான் கூட்டும்.

பம்ப் ஓடாத, சற்றுத் தள்ளியுள்ள கிணறுகளில் மழைக்கு முன்னும் பின்னும் மட்டத்தை அளந்து வையுங்கள். நல்ல மழைக்குப் பிறகும் மட்டம் பழைய இடத்துக்கு ஏறாமல் ஆண்டுக்காண்டு இறங்கினால், நீங்கள் எடுப்பது வருமானம் அல்ல, முதல். நிலத்தடி நீரை வறட்சிக்கான சேமிப்பாக வைக்க விரும்பினால், ஏரி நிரம்பிய ஆண்டுகளில் கிணறுகளுக்கு ஓய்வு கொடுங்கள். ஆனால் மாதம் ஒருமுறையாவது மோட்டாரை ஓட்டி நீரைச் சோதியுங்கள். சும்மா கிடந்த மோட்டார் தேவைப்படும் நாளில் இறுகிப்போய் நிற்கும். மட்டம் இறங்கும்போது உப்பும் ஃபுளோரைடும் கூடக்கூடும். கலந்து கொடுக்க வேறு நீர் இருக்கிறதா என்பதையும் முன்கூட்டியே பார்க்க வேண்டும்.

கேள்வி: வெள்ள நீரை அப்படியே அந்தக் கிணறுகளுக்குள் விட்டு நிலத்தடி நீரைக் கூட்டலாமா?

பதில்: அப்படியே விட்டால் சில மழைக்குள் கிணறு அடைத்துக்கொள்ளும். கலங்கல் நீரை முதலில் தொட்டியில் தெளியவிட்டு, மணலும் சரளையும் அடுக்கிய வடிகட்டி வழியாகத்தான் அனுப்ப வேண்டும். இறக்கும் குழாயின் முனை கிணற்று நீருக்குள் மூழ்கியிருக்கட்டும். மேலிருந்து கொட்டினால் காற்றுக் குமிழ்கள் உள்ளே போய்ப் பாறை இடுக்குகளை மறித்துவிடும். இடம் இருந்தால் கிணற்றைவிடப் பரந்த குட்டை நல்லது. அவ்வப்போது காயவிட்டு, மேலே படிந்த வண்டலைச் சில சென்டிமீட்டர் சுரண்டி எடுத்தால் மறுபடி நீர் இறங்கும். சாக்கடையோ உரம் கரைந்த வயல்நீரோ கலக்கும் இடத்தில் இதைச் செய்யவே கூடாது.

கேள்வி: புதிய நீராதாரம் தேடுவதா, கசிவை அடைப்பதா? எதற்கு முதலில் பணம்?

பதில்: கசிவுக்கு. அது அளக்கக்கூடிய வேலை, அணை கட்டுவதைவிட விரைவில் பலனும் தரும். ஆயிரம், இரண்டாயிரம் இணைப்புகள் கொண்ட பகுதியைப் பிரித்து, நீர் ஒரே வழியில் நுழையும்படி எல்லை வால்வுகளை மூடி, நுழைவில் மீட்டர் வையுங்கள். பின்னிரவு 2 முதல் 4 மணிக்குள் ஓடும் நீரைப் பாருங்கள். 1,500 வீடுகளுக்கு மணிக்கு 12 கன மீட்டர் ஓடுகிறது என்று வையுங்கள். வீட்டுக்கு மணிக்கு 2 லிட்டர் வீதம் நியாயமான இரவுப் பயன்பாடு 3 கன மீட்டர். மீதி 9 பெரும்பாலும் கசிவு. இரவில் அழுத்தமும் அதனால் கசிவும் கூடுதல் என்பதால் 24 மணிக்குப் பதில் 20ஆல் பெருக்கினாலும் நாளைக்கு 180 கன மீட்டர், அதாவது 1,800 பேரின் தண்ணீர். குழாய் அழுத்தத்தை 20 சதவீதம் குறைத்தால் கசிவும் ஏறத்தாழ அந்த அளவுக்குக் குறையும், ஒரு பள்ளம்கூடத் தோண்டாமல்.

விட்டு விட்டு நீர் கொடுக்கும் ஊரில் இந்த அளவீடு பொய்க்கும், ஏனெனில் இரவில் வீட்டுத் தொட்டிகள் நிரம்பிக்கொண்டிருக்கும். அளக்கும் பகுதிக்கு மட்டும் சில நாள் தொடர்ந்து நீர் கொடுத்து, தொட்டிகள் நிரம்பிய பிறகு அளவெடுங்கள். குழாய் காலியாகும் ஒவ்வொரு முறையும் வெளியே உள்ள அழுக்கு ஓட்டைகள் வழியே உள்ளே போகும் என்பதும் நினைவிருக்கட்டும்.

கேள்வி: கடல்நீரைக் குடிநீராக்குவது, கழிவுநீரைச் சுத்திகரித்துக் குடிநீரில் சேர்ப்பது, இரண்டில் எது நம்பகமானது?

பதில்: கடல்நீர் மழையைச் சார்ந்ததில்லை. ஆனால் ஆலைக்குள் மட்டும் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 3 முதல் 4 யூனிட் மின்சாரம் வேண்டும். மேட்டுநிலத்துக்கு ஏற்றும் செலவு தனி. கடலிலிருந்து தொலைவில் இருக்கும் ஊர்களுக்குக் கழிவுநீர்தான் வழி. நமீபியாவின் விண்ட்ஹுக் நகரம் 1968 முதலே சுத்திகரித்த கழிவுநீரைக் குடிநீரில் நேரடியாகச் சேர்த்துவருகிறது. அங்கே தொழிற்சாலைக் கழிவு வீட்டுக் கழிவோடு கலக்காமல் பிரிக்கப்படுகிறது. இந்தப் பிரிப்பு இல்லாமல் யாரும் தொடங்க வேண்டாம்.

பலர் மறந்துவிடுவது ஒன்று உண்டு. வறட்சியில் மக்கள் சிக்கனமாக இருந்தால் கழிவுநீரும் குறையும், கெட்டியாகவும் ஆகும். ஆகவே ஆலையின் வறட்சிக்கால உற்பத்தியைக் கட்டுப்பாட்டு நாட்களின் கழிவுநீர் அளவை வைத்தே கணக்கிடுங்கள்.

எதைத் தேர்ந்தாலும், முடிவெடுத்த நாளிலிருந்து நீர் வரும் நாள்வரை எத்தனை மாதம் என்று எழுதி வையுங்கள். தேக்க இருப்பைச் சதவீதத்தில் சொல்லாமல், வரத்தே இல்லை என்று கொண்டு எத்தனை நாளைக்கு வரும் என்று சொல்லுங்கள். அவசரக் குழாய் இட 10 மாதம் ஆகுமென்றால், தாமதத்துக்கும் இடம் விட்டு, இருப்பு 400 நாளைத் தொடும்போதே ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டும். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில், தேக்கங்கள் வற்றிவந்தபோது, 2018 பிப்ரவரியில் தலைக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்ற கட்டுப்பாடு வந்தது. வீட்டுக் குழாய்களை அடியோடு மூடும் நாள் அங்கே வரவில்லை என்றாலும், அவ்வளவு கடுமையான வெட்டை ஓர் ஊரின் மேல் போடுவதைவிட, முன்பே தொடங்கிச் சிறுகச் சிறுகக் குறைப்பது எல்லோராலும் தாங்கக்கூடியது. எந்த இருப்பில் எந்தக் கட்டுப்பாடு என்ற பட்டியலை, தேக்கம் நிரம்பி வழியும் ஆண்டிலேயே ஒப்புதல் வாங்கி வெளியிட்டுவிடுங்கள்.