சேவை சங்கத்துக்கு ஆண்டு இலக்குகளை எப்படி முடிவு செய்வது?

புதிதாகத் தலைவர் பொறுப்பேற்கிறேன், இலக்குகளை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். போன வருட வருகைப் பதிவேட்டிலிருந்துதான். பட்டியலில் 40 பேர் இருந்து, களத்துக்கு வருவது 12 பேர்தான் என்றால் அந்த 12 பேரை நம்பித்தான் திட்டம் போட முடியும், மற்றவர்கள் வந்தால் லாபம். "ரத்த தானத்தை ஊக்குவிப்போம்" என்பதெல்லாம் இலக்கே இல்லை. "மார்ச்சுக்குள் 2 முகாம், 100 யூனிட், பொறுப்பு இன்னார்" என்று எழுதினால்தான் பின்னால் சரிபார்க்க முடியும். இப்படி மூன்று போதும். அப்புறம், ரோட்டரி, லயன்ஸ் போன்றவற்றில் ஜூலை 1-ல் ஆண்டு பிறக்கும், தலைவரும் வழக்கமாக ஒரு வருடம்தான், அதனால் அடுத்து வரப்போகிறவரையும் இப்போதே பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பாதி வேலை அப்படியே கிடக்கும். டிசம்பரில் ஒருமுறை தாளை எடுத்து, நடக்காததைக் கூச்சப்படாமல் அடித்துவிடுங்கள்.