பாதியில் நிற்கும் மயில்: ஆறுதலாகத் தைக்க என்ன வாங்க வேண்டும்?

கேள்வி: கலியாணம் பேசின காலத்தில் வெள்ளைத் துணியில் ஒரு மேசை விரிப்புக்குக் கையால் பூத்தையல் போடத் தொடங்கினேன். நடுவில் மயில், நாலு மூலையிலும் சிவப்புத் தாமரை. தோகை பாதியும் ஒரு தாமரையும் முடிந்தது, அதோடு சரி. எட்டு வருசமாக அலுமாரியில் கிடக்கிறது. இப்போது பிள்ளைகள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போகிறார்கள், திரும்ப எடுத்திருக்கிறேன். டவுன் கடையில் அந்தப் பச்சை நூல் இல்லை, முழு செட்டாகப் புதிதாக வாங்குங்கள் என்கிறார்கள். துணியை இறுக்கிப் பிடிக்கிற ஸ்டாண்ட் வைத்த வளையம், மேசை லைட் எல்லாம் ஒன்லைனில் பார்த்து வைத்திருக்கிறேன். இவற்றை வாங்கினால் தைப்பொங்கலுக்கு முன் முடித்துவிடலாமா?
— ஒரு வாசகி, ஆரையம்பதி

பதில்: தங்கச்சி, பொங்கலை முதலில் விடுங்கள். நம்முடைய பக்கம் கார்த்திகை, மார்கழி என்றால் மழை, பகலிலேயே வீட்டுக்குள் இருட்டு, உடுப்புக் காய வைக்கவே இடமில்லை. அந்த நேரத்தில் வெள்ளைத் துணியில் அவசரப்பட்டுத் தைத்தால் அழுக்கும் பிடிக்கும், தையலும் கோணும், பிறகு திரும்பவும் அலுமாரிதான்.

செட் வேண்டாம். இப்போதைக்குப் பச்சை நூல் ஒரு கட்டு வாங்கினால் போதும், ஏன் என்று கணக்குப் பாருங்கள். ஆங்கர், டி.எம்.சி என்ற இரண்டு கொம்பனி நூலிலும் ஒரு கட்டு 8 மீற்றர், உள்ளே ஆறு இழை. நீங்கள் இரண்டு இழையாகத் தைக்கிறீர்கள் என்றால் அது மூன்றாகப் பிரிந்து 24 மீற்றர் ஆகிறது. முழங்கை நீளம், அதாவது ஒரு 45 சென்ரிமீற்றர் வெட்டினால் ஐம்பது தரம் ஊசி கோர்க்கலாம். பின்னேரம் பிள்ளைகள் விளையாடும் நேரத்தில் இரண்டு ஊசி நூல் தைத்துவிட்டு மடித்து வைக்கிறீர்கள் என்று வைத்தால், ஒரு கட்டே 25 நாளுக்கு வரும். நான் மணிக்கூடு பார்ப்பதில்லை, இரண்டு நூல் முடிந்தால் எழும்பிவிடுவேன், அதனால்தான் எனக்குக் கழுத்து நோவதில்லை.

நிறம் பொருத்துவதுதான் வில்லங்கம். பழைய நூலில் சுற்றியிருந்த தாள் இருந்தால் நிற எண் அதில் இருக்கும், ஆனால் கொம்பனி மாறினால் எண்ணும் மாறும்: கறுப்பு டி.எம்.சியில் 310, ஆங்கரில் 403. தாள் இல்லையா, விரிப்பையே பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள், போன் படத்தைக் காட்டி வாங்காதீர்கள், அதில் பச்சை நீலமாகத் தெரியும். நூலைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் வைத்துப் பாருங்கள், ரியூப் லைட்டை நம்ப வேண்டாம். அப்படியும் ஒரு சொட்டு வித்தியாசம் வந்தால், பழைய நூல் கொஞ்சம் மீதி இருந்தால் ஒரு இழை பழையது, ஒரு இழை புதியது என்று ஒரே ஊசியில் கோர்த்து இரண்டு மூன்று இறகு தையுங்கள், அப்புறம் முழுக்கப் புதியதுக்குப் போங்கள். மயில் தோகைதானே, யாருக்கும் தெரியாது. ஒரே இறகின் நடுவில் மட்டும் நூல் மாற்றிவிடாதீர்கள்.

ஸ்டாண்டும் லைட்டும் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம், வாசற்படி வெளிச்சத்துக்குக் காசில்லை. வளையம் ஆட்டம் கண்டிருந்தால் மட்டும் மாற்றுங்கள். நான் ஒருமுறை ஒன்லைனில் மரவளையம் எடுத்து, இரண்டு வளையமும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாமல் துணி நழுவி நழுவி, கடைசியில் அதில் பிள்ளை கரண்டி மாட்டி விளையாடினதுதான் மிச்சம். அதனால் கடையில் கையில் எடுத்து, உங்கள் லேஞ்சியை இறுக்கி இழுத்துப் பாருங்கள். உள்வளையத்தில் வெள்ளைத் துணிப்பட்டி சுற்றினால் பிடியும் வரும், தடமும் குறையும். பில் கேட்டு வாங்குங்கள், கேட்டால் கொடுக்க வேண்டியது கடைக்காரரின் கடமை. மறுத்தாலோ ஏமாற்றினாலோ பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் கோல் எடுக்கலாம்.

தைத்து முடிந்த ஒவ்வொரு நாளும் வளையத்தைக் கழற்றுங்கள், ஊசியைத் துணியில் குத்திவிட்டுப் போகாதீர்கள், நம்முடைய கடல் காற்றுக்குக் கறள் பிடிக்க அதிக நாள் எடுக்காது. முடிந்த தாமரைமேல் ஈர வெள்ளைத் துணியை அழுத்திப் பாருங்கள், சிவப்பு ஒட்டினால் கடைசியில் கழுவும்போது குளிர்ந்த தண்ணீர்தான், ஊறவும் விடக்கூடாது. தண்ணீரில் அழிகிற நீலப் பேனாவால் படத்தைக் கீறியிருந்தால் அந்தக் கோடு போகும் வரைக்கும் அயன் பண்ணாதீர்கள், சூடு பட்டால் நிரந்தரமாகவே நின்றுவிடும்.

மற்ற மூன்று தாமரையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: தைக்க மனம் வராவிட்டால் விடுங்கள். மயிலும் ஒரு மூலையில் ஒரு தாமரையும் தனியாகவே வடிவு. தைக்காத தாமரைக்குக் கீறின கோடு தண்ணீரில் போகிறதா என்று மட்டும் ஓரத்தில் ஒரு இடத்தில் நனைத்துப் பார்த்துவிட்டு அதை முடிவு செய்யுங்கள், கார்பன் தாளில் எடுத்த கோடு என்றால் இலேசில் போகாது.