குண்டு விழும் ஊரில் மூன்று வயதுக் குழந்தைக்கு என்ன புரியும்? தாய்க்கு எதற்கு மனநல ஆலோசனை?

குண்டு புரியாது, அம்மாவின் முகம் புரியும். கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே வந்துவிடுகிறது.

இரண்டாம் உலகப் போர் தொடங்கிய 1939 செப்டம்பரில், குண்டுவீச்சுக்குப் பயந்து பிரிட்டன் சில நாட்களிலேயே சுமார் 15 லட்சம் பேரை நகரங்களிலிருந்து கிராமங்களுக்கு அனுப்பியது. பெரும்பாலோர் பிள்ளைகள், பலர் பெற்றோரைப் பிரிந்து போனவர்கள். உயிருக்குப் பாதுகாப்புதான். ஆனால் வைத்துப் பார்த்த வீடுகளில் பெரிய புகார், படுக்கையை நனைக்கிறார்கள் என்பது. (திட்டும் வாங்கியிருப்பார்கள், பாவம்.)

அதே போர்க்காலத்தில் லண்டனின் ஹாம்ஸ்டெட்டில் குழந்தைகளின் மனதை ஆராய்ந்த அன்னா ஃபிராய்டும் டோரதி பர்லிங்காமும் குழந்தைக் காப்பகங்கள் நடத்தினார்கள். குண்டுவீச்சை விட, தாயைப் பிரிந்ததுதான் பல குழந்தைகளை அதிகம் உலுக்கியது என்று கவனித்தார்கள். அதனால் குழந்தைகளைச் சிறு 'குடும்பங்களாக'ப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பணிப்பெண்ணைத் தாய்போல ஒதுக்கினார்கள். உடனே அமைதியா? இல்லை, 'என் ஆள்' என்று பொறாமை, அழுகை, அடிதடி. எனக்கு அது நல்ல அறிகுறியாகவே படுகிறது: பற்று வந்த இடத்தில்தானே பொறாமை வரும்.

அப்புறம், இன்று வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரில், மியான்மரிலிருந்து தப்பிவந்த ரோஹிங்கியா அகதிகளின் முகாம்களில் பிராக் என்ற தொண்டு அமைப்பு நடத்தும் விளையாட்டு மையங்களில், அந்தச் சமூகத்துப் பெண்களே தங்கள் மொழிப் பாட்டுகளைப் பாடிக் குழந்தைகளை விளையாட வைக்கிறார்கள். தாய்மார்களுக்கும் தனியாகக் கூடிப் பேச இடமுண்டு. சரி, பேசினால் என்ன ஆகும்? மனதில் உள்ளதைக் கொஞ்சம் இறக்கிவைத்த தாய்க்கு, பிள்ளை இரவில் வீரிட்டு அழும்போது அதட்டாமல் அணைத்துக்கொள்ளத் தெம்பு இருக்கும்.