நோட்டாரும் நோட்டரியும் ஒரே ஆளா? மியூனிக்ல வீடு வாங்கறவருக்கு ஒரு பதில்

கேள்வி: நானும் மனைவியும் சேர்ந்து மியூனிக்ல ஒரு ஃபிளாட் வாங்கறோம். அவங்க பிரசவத்துக்கு மதுரை போயிருக்காங்க, கையெழுத்து தேதிக்குள்ள வர முடியாது. மதுரைல ஒரு ஏஜென்ட், கோர்ட் வாசல்ல நோட்டரிகிட்ட பவர் எழுதி சீல் வாங்கி அப்போஸ்டிலும் (வெளிநாட்டுல செல்லறதுக்கான முத்திரை) போட்டுத் தர்றேன், பத்தாயிரம் ஆகும்ங்கறார். "ஜெர்மனில நோட்டார்னு சொல்றதும் நம்ம நோட்டரியும் ஒண்ணுதான் சார், பேரப் பாத்தாலே தெரியலயா"ன்னு கேக்கறார். நம்பலாமா?

பதில்: நம்பாதீங்க. பத்தாயிரம் போறது கூட பெருசில்ல, அந்தப் பேப்பர நம்பி நீங்க தேதி குறிச்சு உக்காந்தா வேலை பாதில நின்னுடும், விக்கறவர் பொறுமை இழந்து வேற ஆளப் பாத்துடுவார், அதுதான் நிஜமான நஷ்டம்.

அவர் சொன்னதுல ஒரு விஷயம் மட்டும் சரி, ரெண்டு பேரும் ஒரே லத்தீன் வார்த்தைல இருந்து வந்ததுதான். நோட்டான்னா குறி, அடையாளம். பேசறத குறி குறியா போட்டு வேகமா எழுதறவர்தான் நோட்டாரியுஸ். பழைய ரோம்ல அது பெரும்பாலும் அடிமைங்க பாத்த வேலை. ரோமானியப் பேச்சாளர் சிசரோவோட செயலாளர் டீரோ, அடிமையா இருந்து விடுதலையானவர், அவர் பேரச் சொல்லியே ஒரு சுருக்கெழுத்து முறை ஐரோப்பால பல நூற்றாண்டு புழங்குச்சு. பின்னாடி அதே வார்த்தை பேரரசரோட செயலாளர்களுக்குப் பட்டமாச்சு. அப்புறம் 13ஆம் நூற்றாண்டு வாக்குல இத்தாலில, முக்கியமா போலோன்யால, பத்திரம் எழுதறதே தனிப் படிப்பா வளந்துச்சு, நோட்டாயோ, அதாவது அந்த ஊர் நோட்டரி, எழுதின பத்திரத்த கோர்ட்டு அப்படியே ஏத்துக்கும்கற நிலை வந்துச்சு. லியோனார்டோ டா வின்சியோட அப்பா செர் பியேரோ பாத்தது இந்த வேலைதான்.

உங்க பிரச்சனை இதுக்கப்புறம்தான் ஆரம்பிக்குது, ஏன்னா அந்த வார்த்தை நாட்டுக்கு நாடு வேற வேற அதிகாரத்தோட வளந்துடுச்சு. ஜெர்மனில 1512லயே பேரரசர் மாக்சிமிலியன் நோட்டார்களுக்குன்னு ஒரு சட்டம் போட்டார். பிரான்ஸ்ல இன்னைக்கு இருக்கற நோட்டேர் அமைப்புக்கு அடித்தளம் 1803 சட்டம், ஸ்பெயின்ல நொட்டாரியோவுக்கு 1862 சட்டம். இவங்கெல்லாம் அரசாங்க அதிகாரத்தோட பத்திரத்தையே உருவாக்கறவங்க. இங்கிலாந்து அந்தப் பக்கம் போகவே இல்ல. அங்க நிலம் வாங்க நோட்டரி தேவையில்ல, வெளிநாட்டுக்குப் போற பேப்பர்தான் அவருக்கு முக்கியமான வேலை, அவர நியமிக்கற அதிகாரம் போப்புகிட்ட இருந்து 1533 சட்டத்துல கேன்டர்பரி ஆர்ச்பிஷப் கைக்கு வந்துச்சு, இன்னைக்கும் அவர் அலுவலகத்துலதான் இருக்கு. ஸ்வீடன்ல லத்தீன் பேர் கொஞ்சமும் சிதையாம நோட்டாரியுஸ் புப்ளிக்குஸ்னே இருக்கு, ஆனா வீடு வாங்க அவர்கிட்ட போக வேண்டியதே இல்ல, கையெழுத்த சரிபாத்து சான்று குடுக்கற மாதிரி வேலைங்கதான் அவருக்கு. பேர் எவ்வளவு பழசுங்கறத வச்சு அதிகாரத்த அளக்கவே முடியாது.

இந்தியாவுக்கு வந்தது இங்கிலாந்து வழி. 1952 நோட்டரி சட்டப்படி நம்ம நோட்டரி பொதுவா பத்து வருஷம் பிராக்டிஸ் பண்ணின வக்கீல், கையெழுத்துக்கு சாட்சியா நிப்பார், சத்தியப் பிரமாணம் வாங்குவார், நகல சரிபாப்பார், அவ்வளவுதான். நம்ம ஊர்ல வீடு கைமாறணும்னா சார் பதிவாளர்கிட்டதான் போகணும், நோட்டரி சீல் போட்ட கிரயத்துக்கு வீடு மாறாது. ஆள் நேர்ல வராமலே சீல் குத்திக் குடுக்கற பழக்கம் வேற கோர்ட்டு வாசல்ல ஊறிப் போச்சு, அதக் கேக்க ஒருத்தரும் இல்லைங்கறதுல எனக்கு ரொம்ப நாளா கோபம். நேர்மையா வேலை பாக்கற நோட்டரிங்க பேரும் இவங்களால கெடுது. இலங்கைத் தமிழர்களுக்கு இந்தக் குழப்பம் அவ்வளவு வராது, அங்க நொத்தாரிசு, அது டச்சுக்காரங்க விட்டுட்டுப் போன பேர், 1840ஆம் ஆண்டு சட்டத்துல இருந்தே நிலம் கைமாற நொத்தாரிசும் ரெண்டு சாட்சியும் வேணும், அதனால ஜெர்மன் நோட்டார்னதும் அவங்களுக்குச் சட்டுனு பிடிபடும்.

அமெரிக்கால இதே பேர்க் குழப்பத்த வச்சு பெரிய மோசடியே நடந்துட்டு இருக்கு. மெக்சிகோ மாதிரி நாடுகள்ல நொட்டாரியோன்னா பெரிய சட்ட நிபுணர். அமெரிக்கால நோட்டரி பப்ளிக் ஆக வக்கீல் படிப்பே வேண்டாம். அங்க சிலர் கடை வாசல்ல நொட்டாரியோன்னு போர்டு மாட்டி, குடியேறி வந்த ஏழைங்ககிட்ட விசா வாங்கித் தர்றேன்னு பணம் பிடுங்கினாங்க, டெக்சாஸ்ல நோட்டரிங்க அந்த ஸ்பானிஷ் பேர போட்டுக்கக் கூடாதுன்னு சட்டமே வந்துச்சு. உங்க மதுரை ஏஜென்ட் பண்றதும் அதே வேலை, பக்கம்தான் மாறியிருக்கு, அங்க சின்ன ஆள பெரிய ஆளா காட்டினாங்க, இவர் பெரிய ஆள சின்ன ஆள்னு சொல்றார்.

இப்போ அப்போஸ்டில். இதுல நிறைய பேர் ஏமாறாங்க, அதனால கொஞ்சம் நீட்டிச் சொல்றேன். 1961 ஹேக் ஒப்பந்தப்படி ஒரு நாட்டு பேப்பர் இன்னொரு நாட்டுல செல்லறதுக்குப் போடற முத்திரை அது. இந்தியாவுக்கு அது நடைமுறைக்கு வந்தது 2005ல. பிரான்சுக்கோ இத்தாலிக்கோ போற பேப்பர்னா அப்போஸ்டில் போட்டா வேலை ஆகும். ஜெர்மனிக்கு ஆகாது. இந்தியா சேந்தப்ப ஜெர்மனி ஆட்சேபம் சொன்னுச்சு, அப்படிச் சொன்ன நாட்டுக்கும் நமக்கும் நடுவுல அந்த ஒப்பந்தம் ஓடாது. ரெண்டு நாடுமே ஒப்பந்தத்துல இருக்கு, லிஸ்ட்ல ரெண்டு பேரும் இருக்கு, ஏஜென்ட் அந்த லிஸ்ட்டத்தான் உங்ககிட்ட காட்டுவார், ஆட்சேபத்தச் சொல்ல மாட்டார், பாதிப் பேருக்குத் தெரியாது, தெரிஞ்சவங்களும் வாய தொறக்க மாட்டாங்க. வெளியுறவு அமைச்சகம் அப்போஸ்டிலுக்கு வாங்கற கட்டணம் ஒரு பேப்பருக்கு 50 ரூபாய், அதோட ஏஜென்சி சேவைக் கட்டணம் கொஞ்சம் வரும். பத்தாயிரம் எங்க போகுதுன்னு நீங்களே கணக்கு போட்டுக்கோங்க.

சரி, என்ன பண்ணணும்? முதல்ல மியூனிக் நோட்டார் ஆபீசுக்கு மெயில் போடுங்க, மனைவி இந்தியால இருக்காங்க, பவர் வாசகத்த நீங்களே தயார் பண்ணிக் குடுங்கன்னு. அவங்களுக்கு இது பழகின விஷயம். அந்த வாசகத்த பிரிண்ட் எடுத்து, மனைவி பாஸ்போர்ட்டோட சென்னைல இருக்கற ஜெர்மன் தூதரகத்துக்குப் போய் அதிகாரி முன்னாடி கையெழுத்து போடணும். மதுரைலயே போட்டுட்டுப் போயிடக் கூடாது. அந்த அதிகாரி குடுக்கற சான்று ஜெர்மன் சான்றுதான், அப்போஸ்டில் பேச்சே இல்ல. ஒரிஜினல கூரியர்ல அனுப்பணும், நிலப்பதிவேட்டுக்கு ஸ்கேன் செல்லாது. அப்பாயிண்ட்மெண்ட்தான் தலைவலி. நிறைமாசப் பொண்ணு ஒரு கையெழுத்துக்காக மதுரைல இருந்து சென்னை வரைக்கும் போகணும்னு ரெண்டு அரசாங்கமும் சேந்து வச்சிருக்கறது எனக்குச் சுத்தமா பிடிக்கல, ஆனா இன்னைக்கு நடைமுறை இதுதான்.

பிரசவம் நெருங்கிடுச்சு, பயணம் வேண்டாம்னு டாக்டர் சொன்னா அவசரப்படுத்தாதீங்க. நீங்க ரெண்டு பேருக்கும் சேத்து கையெழுத்து போட்டுட்டு, மனைவி பின்னாடி ஒப்புதல் குடுக்கற மாதிரியும் செய்யலாம், நோட்டார்கிட்ட கேளுங்க, ஒத்துப்பாங்க. அந்த ஒப்புதல் கையெழுத்தும் தூதரகத்துலதான் போடணும், ஆனா குழந்தை பிறந்து உடம்பு தேறினப்புறம் போகலாம். அது வர்ற வரைக்கும் ஒப்பந்தம் தொங்கல்ல நிக்கும், நோட்டார் கிட்ட இருந்து பணம் கட்டச் சொல்லி கடிதம் வராம ஒரு யூரோ கூட அனுப்பாதீங்க.

கையெழுத்து அன்னைக்கு நோட்டார் முழு ஒப்பந்தத்தையும் வரி வரியா சத்தமா வாசிப்பார், சட்டம் அப்படி. ஜெர்மன் சரளமா புரியலன்னா கூச்சப்படாம சொல்லுங்க, மொழிபெயர்ப்பாளர் வைக்கணும். விக்கறவர் கம்பெனியா இருந்தா டிராஃப்ட் ரெண்டு வாரம் முன்னாடி உங்க கைக்கு வரணும், புரோக்கர் "நாளைக்கே போட்டுடலாம்"னு சொன்னா முடியாதுன்னு சொல்லுங்க. நோட்டார் ரெண்டு பக்கத்துக்கும் பொது, உங்க வக்கீல் இல்ல. விலை நியாயமா, கூரை ஒழுகுதா, பில்டிங் ரிப்பேருக்கு அடுத்த வருஷம் எவ்வளவு கேப்பாங்கங்கறதெல்லாம் அவர் பாக்க மாட்டார். ஃபிளாட் ஓனர்கள் கூட்டத்தோட கடைசி மூணு வருஷ மினிட்ஸ விக்கறவர்கிட்ட இப்பவே கேட்டு வாங்கிப் படிச்சுடுங்க.