தோல்வாளியும் துணிப்பையும்

அன்புள்ள ஐயா,

பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1736இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் தொடங்கிய யூனியன் தன்னார்வத் தீயணைப்புக் குழுவின் உடன்படிக்கையைப் படித்தேன். உறுப்பினர் ஒவ்வொருவரும் இரண்டு தோல்வாளி, நான்கு துணிப்பை சொந்தச் செலவில் வைத்திருக்க வேண்டும் என்கிறது. 25 பேருக்கு மேல் சேர்க்கக்கூடாது என்றும் விதி. வாளி புரிகிறது. தீயணைக்கப் பை எதற்கு? ஒரு ஊருக்கு 25 பேர் எப்படிப் போதும்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டு கேள்விக்கும் விடை ஒன்றுதான். அந்த 25 பேர் முதன்மையாகக் கூடியது, தங்களில் ஒருவர் வீட்டில் தீப்பிடித்தால் உள்ளே இருக்கும் பொருளை மற்றவர்கள் பத்திரமாக வெளியே கொண்டுவந்து கொடுப்பதற்காக. தீயை அணைப்பது அவர்கள் கைக்குள் அடங்கிய காரியமாக இல்லை.

ஏன் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தண்ணீர் 60 மீட்டர் தொலைவில் இருக்கிறது என்று வையுங்கள். ஒன்றரை மீட்டருக்கு ஒருவர் நின்றால் நிறைவாளி கைமாற 40 பேர் வேண்டும். வெறும் வாளி திரும்பிப் போக எதிர்வரிசையில் இன்னொரு 40 பேர். சுமார் 10 லிட்டர் பிடிக்கும் வாளி இரண்டு விநாடிக்கு ஒன்று நகர்ந்தால் நிமிடத்துக்கு 300 லிட்டர்; வழியில் சிந்துவதைக் கழித்தால் 200 தேறும். இது ஆற்றங்கரையில். தெருவோரக் கைப்பம்பில் ஒரு வாளி நிரம்பவே 15, 20 விநாடி ஆகிவிடும். பிறகு வரிசை எவ்வளவு நீளமாக இருந்து என்ன பயன்?

அன்று இங்கிலாந்திலிருந்து வந்த தீயணைப்பு எந்திரமும் இந்த வாளிகளை நம்பித்தான் இருந்தது. அது ஒரு மரத்தொட்டி, உள்ளே இரண்டு பிஸ்டன், ஒரு காற்றறை. இருபுறமும் ஆட்கள் நின்று நீண்ட கைப்பிடியை மாறிமாறி அழுத்துவார்கள். ஒரு பிஸ்டன் தள்ளும்போது மற்றது நீரை இழுக்கும். காற்றறையில் அழுந்திய காற்று இடைவெளியை நிரப்பித் தாரை அறுபடாமல் பார்த்துக்கொள்ளும். நல்ல அமைப்பு. ஆனால் தொட்டியைப் பெரும்பாலும் வாளியால்தான் நிரப்ப வேண்டும். பீச்சுமுனை எந்திரத்தின் தலையிலேயே பொருத்தியிருந்ததால் எரியும் கட்டடத்துக்கு மிக அருகே போய் நிற்க வேண்டும். வாளியோடு வரும் மண்ணும் சருகும் வால்வில் சிக்கும். பயன்படுத்தாமல் கிடந்தால் பிஸ்டனின் தோல்வளையம் காய்ந்து சுருங்கிக் காற்றுக் கசியும். பனிக்காலத்தில் உள்ளே நீர் உறைந்துவிடும். கைப்பிடி அழுத்துபவர்கள் சில நிமிடங்களில் களைத்துப்போவார்கள் என்பதால் மாற்று ஆட்களும் தயாராக நிற்க வேண்டும்.

ஆகவே வரிசையில் நிற்க ஊரே வேண்டும். 25 பேரோ 50 பேரோ அதற்குக் காணாது. அந்தக் கூட்டத்தில் யாரும் சேரலாம். எரியும் வீட்டுக்குள் நுழைந்து அடுத்தவன் வெள்ளிப் பாத்திரத்தையும் கணக்குப் புத்தகத்தையும் தொடுவதற்குத்தான் நம்பகமான ஆள் தேவை. பை அதற்காக. ஒவ்வொன்றுக்கும் குறைந்தது நான்கு கெஜம் முரட்டு லினன், வாய்ப்புறம் இழுத்துக் கட்டக் கயிறு. படுக்கை, துணிமணி எல்லாம் அள்ளிப் போடலாம். பிலடெல்பியாவில் வீட்டுத் தீக்காப்பீடு 1752இல்தான் வந்தது. அதுவும் கட்டடத்துக்குத்தான். உள்ளே இருந்த பொருளில் வெளியே வந்ததுதான் மிச்சம். உதவ வந்தவன் போலத் திருடனும் உள்ளே நுழைவான் என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால்தான் இரண்டு உறுப்பினர்கள் வாசலை விட்டு நகரக்கூடாது என்று எழுதிவைத்தார்கள். தீக்கு அருகில் வசிக்கும் உறுப்பினர்களின் வீடுகளில் உடனே விளக்கு வைக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. இருட்டில் குழப்பம் வராது, உதவிக்கு வருகிறவர்களுக்கும் வழி தெரியும்.

என்னை மிகவும் கவர்வது இந்த உடன்படிக்கையின் நிர்வாகப் பகுதிதான். சீட்டுப் பிடிப்பதுபோல முறை வைத்து, மாதம் ஒருவர் எழுத்தராக இருப்பார். அவர் வீடுவீடாகப் போய் வாளியையும் பையையும் சோதித்து மாதக் கூட்டத்தில் அறிக்கை தர வேண்டும். தோல்வாளி காய்ந்தால் வெடிக்கும், தையல் விட்டால் ஒழுகும். தேவைப்படும் இரவில்தான் அது தெரியவரும் என்றால் வாளி இருந்தும் பயனில்லை. குறைகிற ஒவ்வொரு வாளிக்கும் பைக்கும் 5 ஷில்லிங் அபராதம். தீயின்போது தொலைந்தாலோ சேதமானாலோ குழுவே மாற்றித் தரும். இந்த நுணுக்கம் முக்கியம்: சோம்பலுக்குத் தண்டனை, ஓடிவந்து உதவியதற்கு நட்டமில்லை. உறுப்பினர் இறந்துவிட்டால், அவர் மனைவி வாளியையும் பையையும் பராமரித்துவரும் வரை அவர் வீட்டுக்கும் அதே பாதுகாப்பு உண்டு.

அபராதப் பணத்தில் எந்திரமும் ஏணியும், கூரையைப் பிடித்திழுக்கும் இரும்புக் கொக்கிகளும் வாங்கியதாக ஃபிராங்க்ளினே எழுதியிருக்கிறார். சேர விரும்பி வந்த மற்றவர்களைத் தனிக்குழு அமைக்கச் சொன்னார்கள். ஊரில் குழுக்கள் பெருகியது அப்படித்தான்.

குழு தொடங்குவதற்கு முந்தைய ஆண்டே, 1735 பிப்ரவரியில், தன் செய்தித்தாளில் பெயர் போடாமல் ஃபிராங்க்ளின் ஒரு கடிதம் எழுதினார். ஒரு பவுண்டு மருந்துக்கு ஒரு அவுன்ஸ் (பவுண்டு எடையில் பதினாறில் ஒரு பங்கு) தடுப்பு மேல் என்ற வாக்கியம் அதில்தான் இருக்கிறது. பலரும் அதை உடல்நல அறிவுரை என்று நினைக்கிறார்கள். அவர் பேசியது கரண்டியில் தணலை ஏந்தி அறைக்கு அறை போகும் பழக்கத்தைப் பற்றி. மூடியுள்ள பாத்திரத்தில் கொண்டுபோங்கள் என்றார். புகைபோக்கி சுத்தம் செய்பவர்களுக்கு உரிமம் வேண்டும், சுத்தம் செய்த 15 நாளுக்குள் அது தீப்பிடித்தால் அபராதத்தை அவர்களே கட்ட வேண்டும் என்றும் சொன்னார்.

வாளி எப்போது ஒழிந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். 1801இல் பிலடெல்பியாவுக்குக் குழாய்நீர் வந்தது. 1803இல் தீவரை நீரைக் கொண்டுபோகும் வளையும் குழாய்க்கென்றே ஒரு தன்னார்வக் குழு உருவானது. ஆனால் தைத்த தோல்குழாய் அழுத்தம் தாங்காமல் தையல்வழியே பீய்ச்சியது. 1807இல் அந்தக் குழுவைச் சேர்ந்த ஜேம்ஸ் செல்லர்ஸ், ஆபிரகாம் பென்னாக் இருவரும் நூலுக்குப் பதில் உலோக ரிவெட் (தட்டி இறுக்கும் ஆணி) அடித்துத் தோலை இணைத்தார்கள். அதன்பிறகு எந்திரம் எட்ட நின்றது, குழாய் தீக்குள் போனது, வாளி வரிசைக்குத் தேவை குறைந்தது.

அன்புடன்