முடக்குவாதத்துக்கு ஸ்டெம் செல்: கேட்டவர்களுக்கு ஒரு மூட்டுவாத மருத்துவரின் பதில்கள்

முடக்குவாத நோயாளிகளிடமிருந்து வரும் கடிதங்களில் ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்களாக மாறவல்ல மூல அணு) பற்றிய கேள்விகளே இப்போது அதிகம். ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்து இங்கே பதில் சொல்கிறேன்.

எனக்கு வயது 46. எட்டு ஆண்டுகளாக முடக்குவாதம். ஸ்டெம் செல் ஏற்றினால் அரித்துப்போன மூட்டு புதிதாக வளர்ந்துவிடுமா?

வளராது. மூட்டுத் தேய்மானம் வேறு, முடக்குவாதம் வேறு. முடக்குவாதத்தில் உடலின் எதிர்ப்பு அணுக்களே மூட்டின் உள்ளுறையைத் தாக்குகின்றன. உறை தடித்து வீங்கி, பக்கத்திலுள்ள குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. கறையான் உள்ளே இருக்கும்போது கதவுக்குப் புதுப் பலகை வைத்துப் பயன் இல்லை.

எலும்பு மஜ்ஜை, கொழுப்பு, தொப்புள்கொடி ஆகியவற்றிலிருந்து எடுக்கும் 'மீசன்கைமல்' என்ற வகைச் செல்களை ஆராய்ச்சியாளர்கள் இந்த நோய்க்குத் தேர்ந்தெடுத்த காரணமே வேறு. அவை சுரக்கும் பொருள்கள் எதிர்ப்பு அணுக்களின் ஆவேசத்தைத் தணிக்கின்றன. இரத்தக் குழாய் வழியே ஏற்றினால் பெரும்பாலானவை முதலில் நுரையீரலில் சிக்கி, சில நாள்களில் மறைந்துவிடுகின்றன. 1991-இல் 'மீசன்கைமல் ஸ்டெம் செல்' என்ற பெயரைப் பரவலாக்கிய அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஆர்னால்ட் கேப்லனே, இவற்றை 'ஸ்டெம் செல்' என்று சொல்வதை விட்டுவிடுவோம் என்று 2017-இல் எழுதினார். பெயரே நோயாளிகளுக்குத் தவறான நம்பிக்கை தருகிறது என்பது அவர் கவலை. எனக்கும் அதே கவலைதான்.

ஆய்வுகளில் பலன் தெரிந்திருக்கிறதா?

கொஞ்சம் தெரிந்திருக்கிறது. 2017-இல் வெளியான ஸ்பெயின் ஆய்வில், பல மருந்துகளுக்கும் கட்டுப்படாத 53 பேர் பங்கேற்றார்கள். பிறரின் கொழுப்பிலிருந்து வளர்த்த செல்களை வாரம் ஒன்றாக மூன்று முறை ஏற்றினார்கள். குறைந்த அளவு பெற்ற 20 பேரில் 9 பேருக்கு ஒரு மாதத்தில் வீக்கமும் வலியும் ஐந்தில் ஒரு பங்காவது குறைந்தன. மூன்றாம் மாதம் அந்த ஒன்பது ஐந்தானது. அளவை இரட்டிப்பாக்கிய குழுவிலோ ஒரு மாதத்தில் 20 பேரில் 4 பேருக்குத்தான் பலன். செல் கலக்காத திரவம் மட்டும் பெற்ற ஏழு பேரிலும் இருவர் தேறியிருந்தார்கள்.

பாதுகாப்பைப் பார்க்கவே வடிவமைத்த சிறிய ஆய்வு இது. மேற்கொண்டு ஆராய இடம் இருக்கிறது என்று இதிலிருந்து சொல்லலாம். விலைக்கு விற்கலாம் என்று சொல்ல முடியாது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 டிசம்பரில்தான் முதன்முறையாக ஒரு மீசன்கைமல் செல் மருந்துக்கு அனுமதி தந்தது. அதுவும் மஜ்ஜை மாற்றத்துக்குப் பின் குழந்தைகளுக்கு வரும் ஒரு கடும் சிக்கலுக்கு, முடக்குவாதத்துக்கு அல்ல.

செல் ஏற்றிக்கொண்டால், முடக்குவாதத்துக்கு வழக்கமாகச் சாப்பிடும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கூடாது. இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஐம்பது வயதுப் பெண் ஒருவர் வந்தார். என்னிடம் மருந்து சாப்பிட்டு நன்றாக இருந்தவர். எங்கோ செல் ஏற்றிக்கொண்டு, 'இனி மாத்திரை வேண்டாம்' என்று யாரோ சொன்னதை நம்பி எல்லாவற்றையும் நிறுத்தியிருந்தார். என் விரலைப் பிடித்து அழுத்தச் சொன்னேன். அவரால் விரல்களை மடக்க முடியவில்லை. ரவிக்கைக் கொக்கியை மகள்தான் மாட்டிவிடுகிறாள் என்று தலை குனிந்து சொன்னார். பழைய எக்ஸ்-ரேயில் வழவழப்பாக இருந்த விரல் கணுக்களின் ஓரத்தில், புதிய எக்ஸ்-ரேயில் எலி கடித்ததுபோல் பள்ளங்கள். மருந்தை மீண்டும் தொடங்கியதும் வீக்கம் வடிந்தது. பள்ளங்கள் அப்படியே இருக்கின்றன.

செல் ஏற்றுவதைத் 'துணைச் சிகிச்சை' என்று சொல்வார்கள். அப்படியென்றால் அடிப்படை மருந்து ஓடிக்கொண்டிருக்க, அதனோடு சேர்த்துத் தருவது. 2013-இல் வெளியான, சீனாவில் தொப்புள்கொடிச் செல்களை வைத்து 172 பேரிடம் நடந்த ஆய்விலும் வழக்கமான மருந்துகளை நிறுத்தவில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். தினமும் சாப்பிட்டு உயிரிழந்தவர்கள் உண்டு.

தெரிந்தவர் ஒருவர் செல் ஏற்றிய மறுவாரமே எழுந்து நடந்தார். அது பொய்யா?

அவர் நடந்தது உண்மையாகவே இருக்கலாம். கூடவே ஸ்டீராய்டு ஊசி போட்டார்களா என்று கேளுங்கள். ஸ்டீராய்டு ஓரிரு நாளில் அப்படி எழுப்பிவிடும். முடக்குவாதம் தானாக ஏறி இறங்கும் நோயும்கூட. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் புதுச் சிகிச்சை தேடிப் போகிறோம்.

நம் உடலிலிருந்து எடுத்த செல்தானே, என்ன ஆபத்து?

எடுப்பது, பிரிப்பது, திரும்பச் செலுத்துவது என ஒவ்வொரு படியிலும் ஆபத்து உண்டு. அமெரிக்காவில் தங்கள் கொழுப்பிலிருந்து எடுத்ததையே கண்ணில் ஊசியாகப் போட்டுக்கொண்ட மூன்று பெண்கள் பார்வையை இழந்தது 2017-இல் வெளியானது. மறு ஆண்டு, தொப்புள்கொடி இரத்தத் தயாரிப்புகளால் 12 பேருக்கு பாக்டீரியா தொற்று ஏற்பட்டது அங்கேயே பதிவானது.

மூன்று மருந்துகள் சாப்பிட்டும் வீக்கம் குறையவில்லை. வேறு வழி ஸ்டெம் செல்தானா?

இல்லை. வீக்கத்தைத் தூண்டும் டி.என்.எஃப். என்ற புரதத்தை அடக்கும் ஊசிகள், ரிட்டுக்சிமாப், டோசிலிசுமாப் ஆகிய மருந்துகள், ஜே.ஏ.கே. என்ற நொதியை அடக்கும் மாத்திரைகள் என்று சோதித்து நிரூபித்த வழிகள் பல இருக்கின்றன. புகைப்பவரானால் அதை நிறுத்துங்கள். புகை மருந்தின் பலனைக் கெடுக்கும்.

எல்லாம் பார்த்தபின்னும் செல் ஆய்வில் சேர விரும்பினால், நான் தடுக்க மாட்டேன். பொதுப் பதிவேட்டில் பதிவான ஆய்வா, எத்தனையாவது கட்டம், நெறிமுறைக் குழு ஒப்புதல் இருக்கிறதா, தொற்று வந்தால் யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். முறையான ஆய்வில் சோதனை மருந்துக்கு நோயாளியிடம் பணம் வாங்குவது வழக்கமில்லை. ஒப்புதல் படிவத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று படியுங்கள், உங்கள் மருத்துவரிடமும் காட்டுங்கள். அங்கேயே கையெழுத்துப் போடச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.